சாம்பல் என்று பெயர் வைத்தவன்

அன்புராசாவை நான் பதினொரு கிழமை, வாரம் தவறாமல், பத்திரிகையில் போட்டுக் கேலி செய்தேன். முதல் ஏழு கிழமையும் அது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் வாசித்துவிட்டு என் முன்னாலேயே சிரித்தான். மற்றதெல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் என் காதுக்குள் நிற்கிறது.

நாங்கள் இருவரும் எண்பத்தெட்டில் கனடா வந்தவர்கள். ஊரில் ஒருவரையொருவர் தெரியாது. மொன்றியல் விமான நிலையத்தில் விசாரணைக்காகக் காத்திருந்த நீள மர வாங்கில்தான் பழக்கம். அவனுக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. எனக்கு ஓரளவு ஓடும். அந்த வாங்கிலேயே அவனுடைய முதல் பத்திரத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து எட்டு வருடம், அவனுடைய எல்லாப் பத்திரங்களையும் நான்தான் நிரப்பினேன். அகதி வழக்கு, வேலை, வங்கி, பல் வைத்தியர் எதுவென்றாலும் கேள்விக்குப் பதில் சொல்கிறவன் நான், கையெழுத்து வைக்கிறவன் அவன். டோர்செட் பார்க்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் ஒன்றாக இருந்தோம். "உவன் என்னைக் கேக்காமல் ஒரு சோடி சப்பாத்தும் வாங்க மாட்டான்" என்று நான் ஆட்களிடம் சொல்வதுண்டு. அன்பாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெனடி வீதியில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. அங்கே வாசலில் ஒரு பெட்டி நிறையப் பழைய ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள் கிடக்கும். ஆங்கிலம் படிக்கலாம் என்று வாங்கத் தொடங்கினோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் கீறுகிற பழக்கம். அதனால் நான் படங்களைப் பார்ப்பேன். அன்பு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசிப்பான். மேலங்கி போட்டுப் பறக்கிற வீரர்களில் அவனுக்கு அவ்வளவு அக்கறையில்லை. அவர்களோடு திரிகிற துணைப் பெடியன்களின் கதைகளைத்தான் தேடித் தேடி எடுப்பான். அதிலும், வளர்ந்து வீரனை விட்டுத் தனியாகப் போய்விட்ட துணையாட்களின் கதை என்றால் இரண்டு தரம் வாசிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், ஒரு விசயம் கவனிச்சனியோ? உந்தத் துணைப் பெடியள் தனியப் போனாப் பிறகு, அவங்களை என்ன செய்யிறதெண்டு கதை எழுதுறவைக்குத் தெரியேல்லை."

"ஏனடா?"

"இதில பார். இவன் வேற ஊருக்குப் போயிட்டான். புது உடுப்பு, புதுப் பேர். ஆனா ஒரு பெட்டையோட சாப்பிடப் போன இடத்திலயும் பழைய ஆளைப் பற்றித்தான் கதைக்கிறான். பெட்டை எழும்பிப் போறாள். இதில, கலியாண நாளண்டு மாப்பிளை வெளிக்கிட்டு நிக்கிறார். வீரனுக்கு ஆபத்தெண்டு செய்தி வருது. பொம்பிளையை விட்டிட்டு ஓடுறார். இதில ஒருமாதிரிக் கட்டிப்போட்டான். அடுத்த புத்தகத்தில மனுசியைச் சாக்காட்டிப்போட்டாங்கள்."

"அப்பதானே அது கதை."

"அது கதையில்லை மச்சான், எரிச்சல். வீரனை விட்டிட்டு வந்தவன் சந்தோசமா இருந்தா இவைக்குப் பொறுக்காது."

நான் சிரித்தேன். ஆனால் அவன் சொன்ன மூன்றையும் மறக்கவில்லை.

தொண்ணூற்றுநாலில் தில்லையம்பலம் அண்ணை 'வடதிசை' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். தமிழ்க் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், ஆட்கள் சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். அதில் ஒரு மூலையில் ஆறு கட்டத்துக்கு ஒரு சித்திரக்கதை போட எனக்கு இடம் தந்தார். நான் வெண்புயல் என்று ஒரு வீரனை உண்டாக்கினேன். பகலில் என்னைப்போல பார்க்கிங் லொட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுக்கிறவன். யாருக்கும் இடர் வந்தால் வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு பனிக்குள் பறப்பான். வாடகைக்காரரை ஏமாற்றுகிற வீட்டுக்காரரைப் பிடிப்பான், வழிதவறிய கிழவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு ஒரு துணையாள். அவனுக்குப் பொறி என்று பெயர் வைத்தது அன்பு. நான் பென்சிலில் கீறித் தர, கறுப்பு வரவேண்டிய இடங்களை அன்பு மார்க்கரால் நிரப்புவான். நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல் நிரப்புவான். "பொறி நீரோ?" என்று கடையில் யாராவது கேட்டால், "ஓம் ஓம், நான்தான்" என்று தலையை ஆட்டிவிட்டு வருவான்.

அவன் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் தவமணி என்று ஒருவர் இருந்தார். அவனைவிட ஐந்து வயது மூத்தவர். வெக்ஸ்போர்டில் ஓர் அபார்ட்மென்டில் ஒன்பது வயது மகள் லக்சிகாவோடு இருந்தார். கணவர் ஜேர்மனியில் என்று எல்லோருக்கும் தெரியும். தொண்ணூற்றைந்தில் ஒரு நேரம், அன்பு சனிக்கிழமை காலைகளில் உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகத் தொடங்கினான். எங்கள் பேஸ்மென்டிலேயே வொஷிங் மெஷின் இருந்தது. கேட்டதற்கு, "அங்க நல்லா ஊத்தை போகுது" என்றான்.

அடுத்த வருடம் ஜனவரியில் ஒரு கட்டுப் பத்திரத்தோடு வந்து என் முன்னால் இருந்தான். தவமணியின் தாயைக் கனடாவுக்கு எடுப்பதற்கான ஸ்பொன்சர் பத்திரம். தாய் போரால் வந்த இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார்.

"நிரப்பித் தா மச்சான். ஒரு இடத்தில மட்டும் கொஞ்சம் கவனம்."

"எதில?"

"கலியாணம் ஆனவரோ எண்டு கேக்கிற இடத்தில. அவ டிவோர்ஸ் எடுத்து ரெண்டு வருசமாச்சு. அந்தாள் ஜேர்மனியில வேற ஒருத்தியோட. இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. தாலிக்கொடியைக் கழட்டாமல் போட்டிருக்கிறா. படம் எடுத்து அனுப்பேக்க தாய் முதல்ல கழுத்தைத்தான் பார்ப்பாவாம். தாய் வந்தாப் பிறகு நேரில சொல்லிப்போட்டுத்தான் நாங்கள் கலியாணம் எழுதப் போறம்."

"நாங்கள் எண்டா?"

அவன் முகம் சிவந்தது. தவமணியின் கட்டிடத்துக் கீழ்த்தளத்து லோண்ட்ரி ரூம் கதையை அப்போதுதான் சொன்னான். ஆம்பிளையை வீட்டுக்குள் விட்டால் சனம் கதைக்கும் என்று தவமணி அவனை மேலே வரவிடுவதில்லை. அவர் உடுப்புத் தோய்க்கக் கீழே வரும் நேரத்துக்கு இவனும் தன் உடுப்பைக் கொண்டுபோவானாம். மெஷின் சுற்றி முடியும்வரை இரண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து கதைப்பார்களாம். அவர் துவாயின் ஒரு முனையைப் பிடிக்க இவன் மற்ற முனையைப் பிடித்து மடிப்பானாம். ஒரு வருடமாக அவ்வளவுதானாம்.

"எங்கட கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நீதான் வைக்கோணும். ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை."

"நான் ஆரிட்டைச் சொல்லப் போறன்" என்றேன்.

பத்திரத்தை நிரப்பினேன். எனக்குள் ஒரு கசப்பு ஊறியது. அது என்னவென்று அன்றைக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. ஒரு வருடம் அவன் எனக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறான். அந்தப் பத்திரத்தில் அந்தக் கேள்வி இல்லையென்றால் இன்னும் சொல்லியிருக்க மாட்டான். மார்ச்சில், தவமணி இருந்த கட்டிடத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் ஓர் அறை எடுத்துவிட்டதாகச் சொன்னான். எட்டு வருடத்தில் என்னைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம். வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது, "சனிக்கிழமையில வந்து கறுப்பு நிரப்பித் தருவன் மச்சான்" என்றான். "வேண்டாம், நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன்.

ஏப்ரலில் கதையில் பொறி வெண்புயலை விட்டுப் பிரிந்தான். பொறி அணைந்தால் சாம்பல்தானே? அவனுக்குச் சாம்பல் என்று புதுப் பெயர் வைத்தேன். சாம்பல் தனியாகப் பறக்கப் பார்த்து மின்கம்பியில் தொங்கினான். கள்ளனைப் பிடிக்கப் போய்க் கள்ளனுக்கே வழி சொல்லிவிட்டு வந்தான். ஒரு பெண்ணோடு சாப்பிடப் போய், "வெண்புயல் அண்ணை எண்டா இதை எப்பிடிச் சாப்பிடுவார் தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான், அவள் எழும்பிப் போனாள். அன்பு கட்டிலில் இருந்து சொன்ன பழுதுகளையே எடுத்துப் போட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தில்லையம்பலம் அண்ணை தோளில் தட்டி, "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரு கடையிலயும் பேப்பர் மிச்சமில்லை. உந்தச் சாம்பலை விடாதையும்" என்றார்.

ஐந்தாவது கிழமை அன்பு பேஸ்மென்டுக்கு வந்தான். கையில் அந்தக் கிழமைப் பத்திரிகை. எல்லா இதழையும் அவன் சேர்த்து வைத்திருந்தான்.

"சிரிச்சு வயிறு நொந்திட்டுது மச்சான். உந்த மின்கம்பியில தொங்கிறது... லக்சிகாவுக்கும் காட்டினனான்."

"அப்பிடியே?"

"ஆனா பாவமடா உந்தச் சாம்பல். அவனுக்கு ஒரு நல்ல பெட்டையாக் குடு. வெள்ளைக்காரங்கள் செய்த பிழையை நீயும் செய்யாதை." பிறகு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பு ஒழுங்கா நிரப்பேல்லை. கோட்டுக்கு வெளியில போயிருக்கு" என்றான்.

அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏழாவது கிழமை, சாம்பல் ஓர் அபார்ட்மென்டின் லோண்ட்ரி ரூமில், ஒரு பெண்ணின் துவாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகக் கீறினேன். "உலகத்தைக் காப்பாற்றிறதை விட்டிட்டுத் துவாய் மடிக்கிறார் எங்கட சாம்பல்" என்று வெண்புயல் சொல்வதாக எழுதினேன். பெண்ணின் முகத்தை நினைத்துக் கீறவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது தவமணியின் முகமாகவே வந்தது. தொழிற்சாலைப் பார்ட்டியில் எடுத்த ஒரு படத்தில் நான் அவரைப் பார்த்திருந்தேன்.

அந்தக் கட்டிடத்தில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள். சனிக்கிழமை காலையில் அந்த இரண்டு கதிரைகளையும் பார்க்காதவர்கள் குறைவு.

அடுத்த சனிக்கிழமை லோரன்ஸ் வீதித் தமிழ்க் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றேன். அன்பு லக்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். காசு வாங்குமிடத்தில் நின்ற சீமோன் என்பவர் சத்தமாக, "வாங்கோ சாம்பல் அண்ணை! துவாயெல்லாம் மடிச்சு முடிஞ்சுதோ?" என்றார். வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லக்சிகா, "அங்கிள், why is he calling you that?" என்று கேட்டாள். அன்பு முதலில் தானும் சிரிக்கப் பார்த்தான். பிறகு பக்கத்தில் அடுக்கியிருந்த பத்திரிகையை ஒரு முறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் குனிந்து வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தேன், முற்றலா பிஞ்சா என்று. நிமிர்ந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

வந்து சண்டை பிடிப்பான் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வந்து கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று அப்போது நினைத்தேன். அவன் கேட்காமல் விட்டது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. இவ்வளவு காலமும் எதற்கும் என்னிடம் ஓடி வந்தவன் இதற்கு மட்டும் வரமாட்டானா? பிடிபட்ட பிறகும் நான் நாலு கிழமை கீறினேன். அதைத்தான் எந்தக் காரணம் சொல்லியும் என்னால் மெழுக முடியவில்லை.

ஒன்பதாவது கிழமை, அந்தப் பெண்ணின் கழுத்தில் ஒரு சங்கிலி வைத்தேன். சங்கிலியில் ஒரு பூட்டு. "இதின்ர திறப்பு கடலுக்கு அங்கால ஒருத்தனிட்டை இருக்கு" என்று அவள் சொல்ல, சாம்பல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். அதை வாசித்த ஒவ்வொருவருக்கும் விளங்கியது: ஜேர்மனியில் புருசன் இருக்க இங்கே இன்னொருவன். டிவோர்ஸ் எடுத்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிக் கீறினேன். பதினோராவது கிழமை கலியாண நாளில் வெண்புயலின் விசில் கேட்டுச் சாம்பல் ஓடி வருவதோடு, வேறு யோசனை வராமல், அவனைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைத்தேன்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில், ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிபோல, என் கூண்டின் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தவமணி. வேலை உடுப்போடு, தொழிற்சாலையில் தலைமயிருக்குப் போடுகிற வலையைக் கழற்றின தழும்பு நெற்றியில் தெரிய நின்றார். நேரில் அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன். பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டொன்றைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"இது ஆர்?"

"அது... சும்மா கற்பனை, அக்கா."

"கற்பனையெண்டா ஏன் என்ர கழுத்து?"

பின்னால் ஒரு கார் வந்து ஹோர்ன் அடித்தது. நான் ரிக்கற் கொடுத்து அனுப்பினேன். அவர் விலகி நின்று, கார் போனதும் திரும்ப வந்தார்.

"இதை ஆரோ வெட்டி அம்மாவுக்கு அனுப்பியிருக்கினம். இதை உங்கட மகளோட ஒத்துப் பாருங்கோ எண்டு எழுதியாம். வெள்ளவத்தையில அம்மாவோட இருக்கிற மாமிதான் சொன்னவ. கிழமைக்கு ஒரு கடுதாசி போடுற அம்மா ஒரு மாசமா ஒண்டும் போடேல்லை. போன் எடுத்தா கதைக்க வரமாட்டன் எண்டுறாவாம். பிள்ளை தமிழ் வகுப்புக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"அக்கா, நான்..."

"நீங்கள் என்ர பத்திரம் நிரப்பினனீங்கள்தானே? அதில என்ன எழுதினனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அவர் இண்டுவரைக்கும் உங்களைப் பற்றி ஒரு சொல்லுப் பிழையாச் சொல்லேல்லை. சச்சி இல்லாட்டி நான் இந்த நாட்டிலயே இல்லை எண்டுதான் சொல்லுறார். எனக்கு அதுதான் ஆத்திரம்."

துண்டைக் கூண்டின் தட்டில் வைத்துவிட்டுப் போனார். பஸ் தரிப்பில் அவர் நிற்பது எனக்குத் தெரிந்தது. பஸ் வரப் பதினைந்து நிமிடம் எடுத்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் தில்லையம்பலம் அண்ணையிடம் போய், ஒரு மன்னிப்புப் போடவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னெண்டு போடுவீர்? இன்னாரை நினைச்சுக் கீறேல்லை எண்டோ? இப்ப ஐம்பது பேருக்குத் தெரிஞ்சது, மன்னிப்பைப் போட்டா ஐயாயிரம் பேருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இன்னொருக்காச் செய்யப் போறீரோ?"

அவர் சொன்னது சரி. பகிரங்கமாகச் செய்ததைப் பகிரங்கமாகத் திருத்தவும் எனக்கு வழியில்லை.

ஸ்பொன்சர் பத்திரத்தின் என் பிரதியில் வெள்ளவத்தைத் தொலைபேசி இலக்கம் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே பின்னேரம், ஒரு போன் கார்ட்டைச் சுரண்டி அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். எடுத்த யாரோ உள்ளே திரும்பி அவரைக் கூப்பிட்டார்கள். நிலத்தில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

"ஹலோ, ஆர்?"

"கனடாவில இருந்து கதைக்கிறன். தவமணி அக்காவின்ர அம்மாவோ?"

"ஓம். பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லையம்மா, அவை சுகம். நான்... அந்தப் பேப்பரில படம் கீறினவன்."

அங்கே தெருவில் பஸ்காரன் கூவுவது கேட்டது.

"அது பொய்யம்மா. அவ ஒரு பிழையும் செய்யேல்லை. நான் எரிச்சலில கீறினது. அவ முறைப்படி..."

அந்த இடத்தில் எனக்கு நாக்கு நின்றது. முறைப்படி என்ன? அடுத்த சொல்லைச் சொன்னால், தாய்க்குத் தெரியக்கூடாது என்று அவர் இரண்டு வருடம் மறைத்ததை நானே சொன்னதாகிவிடும். திருத்த வந்த இடத்திலும் அதே காரியத்தைச் செய்யப் போனேன்.

"டிவோர்ஸ் எடுத்திட்டாள் எண்டு சொல்லப் போறீர்" என்றார் அவர். "எனக்குத் தெரியும் தம்பி. ஜேர்மனியில இருக்கிற பெடியன்ர தாய் எனக்கு அப்பவே எழுதினவ."

"அப்ப ஏனம்மா..."

"அவள் எனக்குத் தெரியக்கூடாதெண்டு கொடியோட படம் எடுத்து அனுப்புறாள். நான் தெரியாத ஆளா இருந்து, கொடியைக் கவனமாப் பார்த்துக்கொள் பிள்ளை எண்டு எழுதுறன். இஞ்ச இருந்துகொண்டு அவளுக்கு என்னால செய்யக்கூடினது அது ஒண்டுதான். இப்ப ஊர்ச்சனம் பேப்பரைக் கையில தந்து, உங்கட மகளோ எண்டு கேக்குதுகள். நீர் முகத்தை அச்சொட்டாக் கீறி வைச்சிருக்கிறீர். இல்லையெண்டு சொல்ல எனக்கு ஒரு இடமும் வைக்கேல்லை."

நான் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

"இனி நான் தெரியாத மாதிரி எப்பிடி எழுதிறது? தெரிஞ்ச மாதிரியெண்டா எங்க இருந்து தொடங்கிறது? அதுதான் கடுதாசி போடேல்லை, போனுக்கும் போகேல்லை. கோவத்தில இல்லை."

"அதை நான் அவவிட்டைச் சொல்லட்டோ?"

"கோவமில்லை எண்டதை மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் எழுதுறன். உம்மட வாயால வேண்டாம்."

கார்ட் முடிய முன்னரே அவர் வைத்துவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்கக் கூண்டுக்குள் இருந்து கீறினேன். மூன்று வாரத்துக்கான பதினெட்டுக் கட்டங்கள். சாம்பல் உண்மையில் எல்லோரையும்விடத் துணிந்தவன் என்று ஊருக்குத் தெரிய வருகிறது. அந்தப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி தன்பாட்டில் கழன்று விழுகிறது. கலியாணத்தில் வெண்புயல் சாட்சிக் கையெழுத்து வைத்துவிட்டு, ஒரு மூலையில் நின்று கைதட்டுகிறான். கறுப்பைக் கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்புவதற்கே இரண்டு நாள் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்டுக்குப் போனேன்.

அன்பு தன் கட்டிடத்து லொபிக்கு இறங்கி வந்தான். மேலே வா என்று சொல்லவில்லை. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றோம். தாய்க்குக் கோபமில்லை என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டான். போன் எடுத்தேன் என்றேன். "நில்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிடத்துக்குத் தவமணியிடம் போனான். பத்து நிமிடத்தில் தனியாகத் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"சொல்லிப்போட்டன். அழுறா. நல்ல அழுகைதான்."

நான் படங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான், ஒரு காலத்தில் விரல் வைத்து வாசித்ததைப்போல மெதுவாக.

"வடிவாக் கீறியிருக்கிறாய்" என்றான். "கறுப்பும் நல்லா வந்திருக்கு."

"அடுத்த கிழமையிலயிருந்து போடலாம். எல்லாத்தையும் நேராக்கிப்போடலாம்."

அவன் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமனாக்கி, என்னிடம் திருப்பித் தந்தான்.

"ஒண்டு கேக்கட்டோ மச்சான்? எட்டு வருசமும் நீ என்னை அப்பிடித்தான் நினைச்சு வைச்சிருந்தனியோ? உனக்குப் பின்னால வாற துணைப் பெடியன் எண்டு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். நான் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகத்தான் நின்றான் என்று நினைக்கிறேன்.

"சரி" என்றான். "என்னை இனிக் கீறாதை. நல்லாவும் கீறாதை."

"நல்லாக் கீறினா என்னடா?"

"அதுவும் நீ தந்ததாப் போயிடும்."

லிப்ட் கதவு மூடும்வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன். தபால் எடுக்க வந்த ஒரு சீன அம்மா, வழி விடச் சொல்லி என் தோளைத் தொட்டார்.

வெண்புயல் கதையை அத்தோடு நிறுத்தினேன். தில்லையம்பலம் அண்ணைக்குக் கவலைதான், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. வாசகர்கள் கேட்டார்கள். இரண்டு மாதம்வரை அலுவலகத்துக்குப் போன் வந்தது: கலியாண நாளில் ஓடின சாம்பலுக்குப் பிறகு என்ன நடந்தது? நான் எடுத்த நாட்களில், "தெரியாது" என்று சொல்லி வைத்தேன்.

தாயின் கடிதம் செப்டெம்பரில் வந்ததாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யார்? ஒக்டோபரில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்தார்கள். தாய் வரும்வரை காத்திருக்கவில்லை. சாட்சிக் கையெழுத்தைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு போலந்துக்காரர் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழைப்பு வரவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். வந்த கார்களுக்கெல்லாம் ரிக்கற் கொடுத்தேன். தாய் தொண்ணூற்றெட்டில் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். கடையில் சீமோனும் மற்றவர்களும் சாம்பல் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் போகப் போக அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஆட்களுக்கு மறந்துபோய்விட்டது. புதிதாக வந்தவர்கள் அது அவனுடைய உண்மையான பெயர் என்றே நினைத்தார்கள். ஒரு நாள் ஒருவர் என்னிடமே, "உந்தச் சாம்பல் அண்ணை நல்ல மனுசன், பிக்கரிங்கில வீடு வாங்கிட்டார்" என்றார். ஓம் என்றேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கோடையில், ஒரு திருமண வரவேற்பில் அவர்களைக் கண்டேன். தவமணி தூரத்து மேசையில் தாயோடு இருந்தார். லக்சிகா உயர்ந்து, தாயின் தோளைத் தாண்டியிருந்தாள். நான் எழும்பிப் போய்விட நினைத்தேன். அதற்குள் அன்பு என்னைக் கண்டு, தட்டைக் கையில் பிடித்தபடி நேராக வந்தான். கூட ஒரு புது மனிதர், அவனுடைய அயலவராக இருக்க வேண்டும்.

"எப்பிடி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டான்.

எட்டு வருடம் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவன் என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டான். குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சுகம்" என்றேன். "நீங்கள்?" என் வாயிலும் அதே சொல்தான் வந்தது.

"நல்லா இருக்கிறம்." அவன் பக்கத்து மனிதரிடம் திரும்பினான். "இவர் சச்சிதானந்தன். நான் வந்த புதுசில எனக்குச் சரியான உதவி. என்ர பத்திரமெல்லாம் இவர்தான் நிரப்பினவர்."

அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படிப்பட்ட ஆட்கள் இருந்தபடியால்தான் எங்கள் சனம் இங்கே தலையெடுத்தது என்றார். அவர் கையை விடும்வரை நான் அன்புவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன், "சாப்பிட்டிட்டுப் போங்கோ, என்ன?" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனான்.

நான் கதிரையில் தொங்கிய என் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு பின் வாசலால் வெளியே வந்தேன்.